நீ எழுதாததைத் தொடாதே

வண்ணார்பேட்டையில் டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
கீழே காற்றடிக்கும் சத்தம்.
மேலே நாற்பத்தியொரு பெயர்கள்:
வள்ளியூர் காற்றாலை உதிரிபாகம்,
அம்பை அரிசி ஆலை,
பேட்டையில் ஒரு பாலிடெக்னிக்,
மேலப்பாளையம் செய்யது மசூதின் உம்ரா டிராவல்ஸ்.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு இடத்தில் பதிவு.
ஹோஸ்டிங் பேனலில் ஒன்று,
டிஎன்எஸ் கம்பெனியில் ஒன்று.
இங்கே வீடு மாறினால்
அங்கே போய்ச் சொல்ல வேண்டும்.
சொல்வது ஆவுடையப்பனின் சோலி.
சாயங்காலம் நாலு மணிக்கு, உளுந்த வடையோடு,
நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை
உதட்டில் வாசித்து வாசித்துத் தட்டுவான்.

ஒரு நாள் ஏழுக்குப் பதில் ஒன்று விழுந்தது.
ரிசல்ட் வரும் காலையில்
பாலிடெக்னிக்கைத் தேடிய பிள்ளைகள்
யாரோ ஒருத்தரின் வெற்றுப் பக்கத்தில் போய் நின்றார்கள்.
"ஒன் ஏழு ஒண்ணு மாதிரில்லா இருக்கு தாயி" என்றான்.
சீட்டைப் பார்த்தேன். இருந்தது.

திருத்தியும் உடனே தீரவில்லை.
பாளையங்காலில் மடை திறந்த அன்றே
கடைமடை நனையுமா?
பழைய பதிலைக் குடித்து வைத்திருக்கும் ஊர்கள்
அது வற்றும்வரை அதையே சொல்லும்.
நாலு மணி நேரம் என்று
பொய்க்கு ஆயுள் எழுதியதும் நாங்களேதான்.

அன்று ராத்திரி ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து
இங்கே கேட்டு, அங்கே கேட்டு,
இல்லாததைச் சேர்க்கும். மாறியதை மாற்றும்.
கூடுதலாய் இருப்பதை அழிக்கும்.

பெயரின் வாலில் ஒரு புள்ளி.
பேனல் வைக்கிறது, கம்பெனி வைப்பதில்லை.
புள்ளி உள்ளவரும் இல்லாதவரும் வேறு ஆள் என நம்பி
நாற்பத்தியொரு பேரையும்
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொன்று, திரும்பப் பெற்றது.
குறை சொல்ல முடியாது.
க வேறு, க் வேறு என்றுதானே நானும் படித்தேன்.

வெள்ளிக்கிழமை ஓடவிட்டேன். எல்லாம் பச்சை.
ஆவுடையப்பன் அன்றைக்குத்தான்
வடையைச் சூடாகத் தின்றான்.

சனிக்கிழமை மசூது கூப்பிட்டார்.
"ஏம்மா கனி, நேத்து ராத்திரிலேர்ந்து
ஒத்த மெயில் வரலியே.
விசா பேப்பர் வரணும்.
முப்பத்தாறு பேரு பெட்டியக் கட்டிட்டு இருக்காவ."

லாகைத் திறந்தேன்.
இரண்டு பத்துக்கு, எம்எக்ஸ் இரண்டு: அழிக்கப்பட்டது.
டெக்ஸ்ட் ஒன்று: அழிக்கப்பட்டது.
காரணம்: பேனலில் இல்லை.

இல்லைதான்.
மூன்று வருஷம் முன்னால் அவர் மருமகன்
தோஹாவிலிருந்து நேராகக் கம்பெனியில் எழுதிவைத்த வரிகள்.
எங்களிடம் சொல்லவில்லை.
சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

தனக்குத் தெரியாததெல்லாம் குப்பை
என்று நினைத்திருக்கிறது ஸ்கிரிப்ட்.
அப்படி நினைக்கச் சொன்ன வரி முப்பத்தெட்டாவது.
அதை எழுதியபோது
ஒரு டீ கூடக் குடிக்க எழுந்திருக்கவில்லை நான்.

அழித்ததை லாக் வைத்திருந்தது. அந்த மட்டும் புண்ணியம்.
ஆவுடையப்பனைப் போல உதட்டில் வாசித்து
மூன்றையும் கையாலேயே தட்டினேன்.
வாசலில் நின்ற மெயில்கள் ஒவ்வொன்றாய் உள்ளே வந்தன.
திரும்பிப் போனவை போனதுதான்.

இப்போது அது ஒன்றை எழுதினால்
பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதுகிறது:
இது என் கை.
அந்தக் கை இல்லாத எதையும் அழிக்காது.
அழிக்கும் முன்னால்
அழிக்கப்போகிறேன் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆவுடையப்பன் இன்னும் நாலு மணிக்குத் திறக்கிறான்.
"சும்மா பாக்கேன்."
அப்படிப் பார்த்ததில் அகப்பட்டது,
அம்பை அரிசி ஆலைக்குக் கீழே
'வடிவு' என்று ஒரு கிளைப்பெயர்.
போகும் எண்ணில் ஒன்றுமில்லை.
ஆலைக்காரருக்குப் போன் போட்டேன்,
எடுத்துவிடவா அண்ணாச்சி என்று.
கொஞ்ச நேரம் ஆலைச் சத்தம் மட்டும் கேட்டது.
"அது கெடக்கட்டும்மா" என்றார்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை லாகில் வருகிறது:
வடிவு. என்னுடையது இல்லை. தாண்டுகிறேன்.